தஞ்சாவூர்–கும்பகோணம் மீட்டர்கேஜ் தடத்துக்கான ஒய்டிஎம்-4 இன்ஜின்: கண்ட பிழைகளும் திருத்திய விதமும்

பின்னணி

கணினியில் ரயில் ஓட்டிப் பார்க்கும் ரயில் சிமுலேட்டரில் ஆர்வமுள்ள நாங்கள் நான்கு பேர். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரையிலான மெயின் லைனை, அது மீட்டர்கேஜாக (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி உள்ள பாதையாக) இருந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே உருவாக்க வேண்டும் என்று தொடங்கினோம். ஏறத்தாழ 39 கிலோமீட்டர். பசுபதிகோயில், அய்யம்பேட்டை, பண்டாரவாடை, பாபநாசம், சுந்தரபெருமாள்கோயில், சுவாமிமலை, தாராசுரம் என்று அடுத்தடுத்து நிலையங்கள். நடுவில் காவிரியின் கிளையாறுகளைத் தாண்டும் பாலங்கள். இரண்டு பக்கமும் வயல்.

இந்த வேலையில் ஒரு அவசரமும் இருந்தது. டெல்டாவில் கடைசியாக மீட்டர்கேஜ் வண்டி ஓடியது திருவாரூர்–காரைக்குடி தடத்தில். 2012-இல் அதுவும் நின்று, 2019-இல் முழுவதும் அகலப்பாதையாகத் திறந்தது. அந்த வண்டிகளை ஓட்டியவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. எங்கள் குழுவில் ஒய்டிஎம்-4 என்ற மீட்டர்கேஜ் டீசல் இன்ஜினின் மாதிரியைச் செய்தவர் கும்பகோணத்தில் படிக்கும் கல்லூரி மாணவர். மீட்டர்கேஜ் வண்டியில் அவர் ஒருமுறைகூட ஏறியதில்லை.

பாதையை அமைத்தவர் பாபநாசத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். பெட்டிகளும் ஒலியும் திருவாரூர் நண்பரின் பொறுப்பு. ஓட்டிப் பார்த்துக் குறைகளை எழுதிக் கொடுப்பது என் வேலை. நாங்கள் பயன்படுத்தியது ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச சிமுலேட்டர். 2001-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் டிரெய்ன் சிமுலேட்டரின் கோப்பு வடிவங்களை அது அப்படியே படிக்கும்.

இதில் ஓர் இன்ஜின் என்பது முக்கியமாக மூன்று பகுதிகள். முப்பரிமாண உருவம், அதன்மேல் போர்த்தும் வண்ணப் படங்கள், இன்ஜின் கோப்பு. மூன்றாவது வெறும் எழுத்துக் கோப்புதான். எடை, சக்தி, இழுவிசை, சக்கர ஆரம், பிரேக் வகை எல்லாம் வரி வரியாக அதில் இருக்கும். கண்ணுக்குத் தெரிவது முதல் இரண்டு. வண்டி எப்படி ஓடுகிறது என்பதைத் தீர்மானிப்பது மூன்றாவது.

மாணவர் நான்கு மாதம் உழைத்து உருவத்தைச் செய்திருந்தார். ஹூட் (இன்ஜினை மூடும் கூடு) கதவுகளின் கீல், ரேடியேட்டர் வலை, கேப் (டிரைவர் அறை) ஜன்னலின் துரு வரை கவனித்துச் செய்த வேலை அது. இன்ஜின் கோப்புக்கு மட்டும் தன் கணினியில் ஏற்கெனவே இருந்த ஓர் அகலப்பாதை இன்ஜினின் கோப்பை எடுத்துப் பெயரை மாற்றி வைத்தார். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான். அந்தப் பிறகு வரவில்லை. பொங்கலுக்கு வெளியிடுவதாக நாள் குறித்திருந்தோம்.

முதல் சோதனை

கார்த்திகை மாதத்தில் நான் பதினைந்து முறை ஓட்டிப் பார்த்துப் பதினொரு குறைகளை எழுதினேன். ஒன்பது பார்வை சம்பந்தப்பட்டவை. பெரிய குறை பஃபர், அதாவது வண்டிகள் ஒன்றோடொன்று முட்டும்போது அதிர்ச்சியைத் தாங்கும் பாகம். மீட்டர்கேஜ் வண்டிகளுக்கு நடுவில் ஒரே பஃபர், அதோடு சேர்ந்த கொக்கி. எங்கள் இன்ஜினிலோ அகலப்பாதை இன்ஜின்போல இரண்டு பக்கமும் ஒவ்வொரு பஃபர் இருந்தது. அப்புறம், இன்ஜினின் நீள அளவு கோப்பில் தவறாக இருந்ததால் முதல் பெட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஓர் ஆள் புகுந்து போகிற இடைவெளி. தூரத்திலிருந்து பார்த்தால் இன்ஜின் சட்டென்று மறைந்துவிடும். இவையெல்லாம் யார் பார்த்தாலும் பிடிபடக் கூடியவை.

ஓட்டம் பற்றி நான் எழுதியது ஒரே வரி: நன்றாக ஓடுகிறது.

அந்த வரிதான் இந்த நிகழ்வில் நடந்த முதல் தவறு. அதை எழுதியவன் நான். ஒன்பது பெட்டிகளோடு வண்டி தடங்கலில்லாமல் கிளம்பியது, நிலையங்களில் நின்றது. எதோடும் ஒப்பிட்டுப் பார்க்காமல் திருப்தியடைந்துவிட்டேன். டெல்டாவின் நில அமைப்பும் பிழையை மறைத்தது. ஏற்காட்டு அடிவாரம், செங்கோட்டை மாதிரி இடமாக இருந்தால் ஏற்றத்தில் இன்ஜின் காட்டும் சக்தி உடனே சந்தேகத்தைக் கிளப்பியிருக்கும். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் சொல்லிக்கொள்ளும்படி ஏற்றமே கிடையாது. சமதரையில் எந்த இன்ஜினும் எப்படியாவது ஓடிவிடும். அதிகப்படியான சக்தி தெரிகிற ஒரே இடம் கிளம்பி வேகமெடுக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடங்கள். அதை நான் அளக்கவில்லை.

பாபநாசத்தில் ஒரு பிற்பகல்

ஆசிரியரின் பெரியப்பா ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். நிலக்கரி இன்ஜினில் ஃபயர்மேனாகச் சேர்ந்து, டீசலுக்கு மாறி, இதே தடத்தில் பல ஆண்டுகள் பாசஞ்சர் வண்டி ஓட்டியவர். நிலையங்களின் பழைய தோற்றத்தை அவரிடம் சரிபார்க்கத்தான் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போனோம். இன்ஜினைக் காட்டும் எண்ணம் இல்லை. பாதையைக் காட்ட வண்டியை ஓட்டியாக வேண்டியிருந்ததால் காட்டினோம்.

பாபநாசம் பிளாட்பாரத்துக்குள் வண்டி மெதுவாக நுழைவதை வெளியிலிருந்து பார்க்கும் கோணத்தில் வைத்திருந்தோம். அவர் நிலையத்தைப் பார்க்கவில்லை.

"சக்கரம் தேய்ச்சுக்கிட்டு வருதேப்பா" என்றார்.

எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. "எங்க பெரியப்பா?" என்று ஆசிரியர் கேட்டார். "உருளுறதும் போறதும் ஒத்து வரலை. பிரேக் கட்டிக்கிட்ட சக்கரம் மாதிரி இருக்கு பாரு" என்று திரையில் விரல் வைத்துக் காட்டினார்.

அடுத்து ஒலி. "இது பெரிய வண்டிச் சத்தம். நம்ம வண்டி இப்படி இரையாது, ஒவ்வொரு அடியும் தனித்தனியா கேக்கும்."

பிறகு அவரே ஓட்டிப் பார்க்க விரும்பினார். விசைப்பலகை அவருக்குப் பழக்கமில்லாததால் அவர் சொல்லச் சொல்ல நான் விசைகளை அழுத்தினேன். இன்ஜின் சக்தியைக் கூட்டும் படியான நாட்சை ஒவ்வொன்றாக ஏற்றச் சொன்னார். மூன்றாவது நாட்சிலேயே, "போதும் போதும், என்ன இப்படி ஓடுது" என்றார். பிரேக் போட்டு நிறுத்திவிட்டு விடச் சொன்னார். விட்டவுடன் பிரேக் முழுதாக விட்டுவிட்டது. சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "விட்ட உடனே விட்டுடுமா தம்பி? அப்படி இருந்தா நாங்க இந்த செக்ஷன்ல பட்ட பாடே பட்டிருக்க வேண்டாமே" என்றார்.

அரை மணி நேரத்தில் நான்கு குறைகள். என் பதினொன்றில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

அளந்து பார்த்தது

சக்கரத்திலிருந்து தொடங்கினேன், எண்ணிப் பார்க்க முடிவது அது ஒன்றுதான் என்பதால். ஆசிரியர் பாதை ஓரத்தில் சரியாக 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பங்களை நட்டுக் கொடுத்தார். மாணவர் ஒரு சக்கரத்தில் வெள்ளைப் புள்ளி வைத்தார். ஒய்டிஎம்-4 இன்ஜினின் சக்கர விட்டம் 965 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 3.03 மீட்டர் போக வேண்டும், 100 மீட்டருக்கு 33 சுற்று. மெதுவாக ஓடவிட்டு எண்ணினோம். 29 சுற்றுதான் வந்தது.

100-ஐ 29-ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.45 மீட்டர். அப்படியானால் விட்டம் 1100 மில்லிமீட்டருக்குப் பக்கம். அகலப்பாதை டபிள்யூடிஎம்-2 இன்ஜினின் சக்கரம் 1092 மில்லிமீட்டர்.

இன்ஜின் கோப்பைத் திறந்தோம். ஆரம் 0.546 என்று இருந்தது. மற்ற வரிகளையும் படித்தபோது எங்கள் முகம் மாறியது. ஒய்டிஎம்-4 எடை 72 டன், ஆறு அச்சுகள், அச்சுக்கு 12 டன். கோப்பில் இருந்தது 112.8 டன். ஒய்டிஎம்-4-இல் வரிசையாக ஆறு சிலிண்டர், 1400 குதிரைத்திறன். கோப்பில் பதினாறு சிலிண்டர் இன்ஜினின் 2600 குதிரைத்திறன். அதையும் குதிரைத்திறன் முழுவதும் சக்கரத்துக்கே போய்ச் சேர்வதாக எழுதியிருந்தது. உண்மையில் ஜெனரேட்டர், மோட்டார், விசிறி, கம்ப்ரஸர் எல்லாம் தின்றது போக மிச்சம்தான் தண்டவாளத்துக்கு வரும். பிரேக் வகையும் ஏர் பிரேக் என்றே இருந்தது. நம் மீட்டர்கேஜ் வண்டிகள் வேக்குவம் (வெற்றிட) பிரேக்கில் ஓடியவை.

ஒய்டிஎம்-4 உடம்புக்குள் முழு டபிள்யூடிஎம்-2 உட்கார்ந்திருந்தது. நின்ற நிலையிலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்துக்கு வர 48 விநாடி ஆனது. நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஒன்பது மீட்டர்கேஜ் பெட்டிகளோடு குறைந்தது ஒன்றேகால் நிமிடமாவது ஆக வேண்டும்.

ஒலியைப் பற்றிப் பெரியப்பா சொன்னதும் கணக்கில் வந்தது. நான்கு வீச்சு இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நிமிடத்துக்கு 400 சுற்று என்ற ஐடில் (இழுக்காமல் சும்மா ஓடும்) நிலையில் ஆறு சிலிண்டருக்கு விநாடிக்கு 20 வெடிப்பு. பதினாறு சிலிண்டருக்கு 53. அவர் "ஒவ்வொரு அடியும் தனித்தனியா கேக்கும்" என்றது இந்த வித்தியாசத்தைத்தான்.

எடுத்த முடிவுகள்

பொங்கல் வெளியீட்டைத் தள்ளிவைத்தோம். அதில் யாருக்கும் தயக்கமில்லை.

எதை முதலில் திருத்துவது என்பதில்தான் கருத்து வேறுபாடு வந்தது. மாணவர் பஃபரை முதலில் சரிசெய்ய விரும்பினார். படம் பார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான், நான்கு மாத உழைப்பை ஒரு பஃபர் கெடுத்துவிடும் என்றார். நியாயமான பேச்சு. நானும் ஆசிரியரும் ஓட்டமே முதலில் என்றோம். பஃபர் தவறாக இருந்தால் தெரிந்தவர் பார்த்தவுடன் தவறு என்பார். ஓட்டம் தவறாக இருந்தால், மீட்டர்கேஜைப் பார்க்காத ஒரு பிள்ளை இதுதான் அந்த வண்டி என்று நம்பிவிடும். அந்தத் தலைமுறைக்காகத்தான் இதையே செய்கிறோம். இரண்டு நாள் பேசியபின் மாணவர் ஒப்புக்கொண்டார்.

பழைய கோப்பைத் திருத்துவதில்லை, வெற்றுக் கோப்பிலிருந்து எழுதுவது என்றும் முடிவு செய்தோம். திருத்தினால் கண்ணில் படாத வரிகள் அப்படியே தங்கிவிடும். ஒவ்வொரு எண்ணுக்கும் அது எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதன்பின் ஒரு ஓட்டம். இந்தக் கடைசி விதியை நாங்களே மீறினோம்.

தவறிய இடம்

புதிய கோப்பில் 72 டன், 1400 குதிரைத்திறன், தண்டவாளத்துக்குச் சுமார் 830 கிலோவாட், கிளம்பும் இழுவிசை சுமார் 19 டன் என்று எழுதினோம். ஓட்டினால் வண்டி தவழ்ந்தது. 60-ஐத் தொட 2 நிமிடம் 10 விநாடி. பெரியப்பாவிடம் காட்டியபோது, "இவ்வளவு மந்தமா இருக்காது, கொஞ்சம் நல்லாவே எடுக்கும்" என்றார்.

அன்றிரவு மாணவர் சக்தியை 1700-க்கு உயர்த்திவிட்டார். குறிப்பேட்டில் எழுதவில்லை. அடுத்த ஓட்டத்தில் நேரம் குறைந்தது, பெரியப்பாவும் பரவாயில்லை என்றார். இரண்டு வாரம் அப்படியே போனது. அவர் மறைக்க நினைக்கவில்லை. அவர் சொன்ன காரணம், சக்தி இழப்பைக் கூடுதலாகக் கழித்துவிட்டோம் என்று தோன்றியது என்பது. என் பங்கும் இதில் உண்டு. நேரம் ஏன் குறைந்தது என்று நான் கேட்கவே இல்லை.

உண்மை வெளிவந்தது தற்செயலாக. வேறு எதற்கோ சிமுலேட்டரின் வண்டி விவரத் திரையைத் திறந்தேன். மொத்த எடை 432 டன் என்று காட்டியது. இன்ஜினின் 72 போக 360. ஒன்பது பெட்டி. ஒன்றுக்கு 40 டன். மீட்டர்கேஜ் பெட்டி முப்பது டன்னுக்குக் கீழேதான் இருக்கும். திருவாரூர் நண்பரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவரும் பெட்டிக் கோப்புகளை அகலப்பாதைப் பெட்டியிலிருந்து எடுத்திருந்தார்.

அப்போதுதான் முழுச் சித்திரமும் விளங்கியது. ஆரம்பத்தில் சக்தி கூடிய இன்ஜின், கனத்த பெட்டிகளை இழுத்தது. ஒரு பிழையை இன்னொரு பிழை பாதி மூடிவைத்தது. பெட்டிகள் மட்டும் சரியான எடையில் இருந்திருந்தால் இன்ஜின் பறந்திருக்கும், எனக்கே முதல் நாளில் தெரிந்திருக்கும். இன்ஜினைத் திருத்தியதும் பெட்டிகளின் பிழை வெளியே வந்தது. அதை இன்ஜினின் பிழை என்று நினைத்து மூன்றாவதாக ஒரு பிழையைச் சேர்த்துவிட்டோம்.

பெட்டியை 28 டன்னாக மாற்றி, சக்தியை மறுபடி 1400-க்கு இறக்கினோம். 1 நிமிடம் 35 விநாடி.

பிரேக்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஏர் பிரேக்கில் காற்றழுத்தம் வேலை செய்கிறது. வேக்குவத்தில் வண்டி முழுக்க ஓடும் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றி வைத்திருப்பார்கள். இன்ஜினில் 53 சென்டிமீட்டர் பாதரச அளவுக்கு வெற்றிடம், கடைசியில் கார்டு வேனில் குறைந்தது 47. டிரைவர் காற்றை உள்ளே விட்டால் வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளி பிரேக் பிடிக்கும். பிரேக்கை விடுவிக்க வேண்டுமானால் அத்தனை பெட்டிகளின் குழாயிலிருந்தும் மறுபடி காற்றை உறிஞ்சியாக வேண்டும். அதற்கு நேரமாகும். முன்பெட்டி விட்டிருக்கும், பின்பெட்டி இன்னும் கட்டியிருக்கும்.

உறிஞ்சும் வேலையைச் செய்வது எக்ஸ்பிரஸர். அதை இன்ஜினே சுழற்றுவதால் ஐடிலில் மெதுவாகத்தான் உறிஞ்சும். நிற்கும்போது இழுவையைத் துண்டித்துவிட்டு நாட்சை ஏற்றி இன்ஜினை வேகமாகச் சுழலவிட்டால் வேக்குவம் சீக்கிரம் கிடைக்கும் என்று பெரியப்பா சொன்னார். எந்தக் கோப்பிலும் நாங்கள் படித்திராத விஷயம்.

பிரேக் வகையை இன்ஜினில் மட்டும் மாற்றினால் போதாது, ஒவ்வொரு பெட்டியின் கோப்பிலும் மாற்ற வேண்டும். அதை முடித்துவிட்டு, விடுபடும் வேகத்தைப் பெரியப்பா பக்கத்தில் இருக்க மூன்று நாள் கூட்டிக் குறைத்தோம். முழு பிரேக்குக்குப் பிறகு ஒன்பது பெட்டிகளும் விடுபட அரை நிமிடத்துக்கு மேல் ஆகும்படி வந்து நின்றது.

அதோடு நான் ஓட்டிய முதல் ஓட்டத்தில் பாபநாசம் பிளாட்பாரத்தை நான்கு பெட்டி தாண்டிப் போனேன். அடுத்தது, பயந்து முன்கூட்டியே பிடித்து, விடுபடாமல் வண்டி வயலுக்கு நடுவே நின்றுவிட்டது. பெரியப்பா சொன்னார்: "மொத்தமா இறக்காதே தம்பி. முதல்ல பத்து சென்டிமீட்டர் இறக்கு, வண்டி கட்டிக்கட்டும். அப்புறம் தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமா. விட்டுட்டுத் திரும்பப் பிடிக்கலாம்னு மட்டும் நினைக்காதே, அதுக்குள்ள ஸ்டேஷன் போயிடும்."

விளைவு

சோதனைக்குக் கொடுத்த வெளி நண்பர்கள் இருவரும் பிரேக் வேலை செய்யவில்லை என்று புகார் சொன்னார்கள். எளிதாக்கிவிடலாமா என்று திருவாரூர் நண்பர் கேட்டார். வேண்டாம் என்று தீர்மானித்து, பெரியப்பா சொன்ன முறையை இரண்டு பக்கக் குறிப்பாக எழுதி இன்ஜினோடு சேர்த்தோம். குறிப்பைப் படித்துவிட்டு ஓட்டிய அதே நண்பர்கள் நாலைந்து ஓட்டங்களில் பழகிக்கொண்டார்கள்.

சித்திரையில் வெளியிட்டோம். பஃபர், நீள அளவு, தூரத்தில் மறைவது மூன்றும் அதற்குள் சரியாகிவிட்டன. வெளியிடுவதற்கு முன்தினம் பெரியப்பா தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரை எல்லா நிலையங்களிலும் நின்று ஓட்டினார். இப்போது விசைகளை அவரே அழுத்தினார். சுவாமிமலையில் மட்டும் சற்று முன்னால் நின்றது. "அது என் தப்பு, வண்டி மேல இல்லை" என்றார். மாணவர் அன்று அதிகம் பேசவில்லை, ஆனால் சக்கரத்தில் வைத்த வெள்ளைப் புள்ளியை அழிக்காமல் தனிப் பிரதி ஒன்று எடுத்து வைத்துக்கொண்டார்.

ஒலி முழுதாகச் சரியாகவில்லை. பதிவு செய்ய டெல்டாவில் இப்போது அந்த இன்ஜின் இல்லை. திருவாரூர் நண்பரின் அண்ணன் 2009-இல் நிலையத்தில் கைபேசியில் எடுத்த 40 விநாடிக் காணொளியிலிருந்து ஐடில் ஒலியை மட்டும் எடுக்க முடிந்தது. மேல் நாட்சுகளுக்கு இன்னும் பழைய ஒலியே ஓடுகிறது. அதை வெளியீட்டுக் குறிப்பில் தெளிவாக எழுதியிருக்கிறோம்.

இனி மாற்றிக்கொள்வது

தற்காலிகமாக எடுத்த கோப்பின் பெயரிலேயே தற்காலிகம் என்று சேர்க்கிறோம். அந்தச் சொல் பெயரில் இருக்கும்வரை வெளியீட்டுத் தொகுப்புக்குள் அந்தக் கோப்பு போகாது.

உருவ வேலை தொடங்கும் முன்பே எண்கள் எழுதப்பட வேண்டும். இன்ஜினுக்கும் பெட்டிக்கும் ஒரே ஆள் எடையைச் சரிபார்க்க வேண்டும். முதல் ஓட்டத்திலேயே விவரத் திரையின் மொத்த எடையைக் கையால் கூட்டிப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இதை நான் செய்திருந்தால் பிற்பாடு நடந்த பாதி வேலை மிச்சமாகியிருக்கும். "நன்றாக ஓடுகிறது" போன்ற வரியை இனி நான் எழுதுவதில்லை. எத்தனை பெட்டி, எந்த நாட்ச், எத்தனை விநாடி என்று எழுதுகிறேன்.

பெரியப்பாவைக் கடைசியில் கூப்பிட்டது பெரிய பிழை. அவரிடம் போனதும் நிலையத்துக்காகத்தானே ஒழிய இன்ஜினுக்காக இல்லை. அடுத்த வேலையான திருவாரூர்–காரைக்குடி தடத்துக்கு, அங்கே ஓட்டிய இருவரை ஆரம்பத்திலேயே சந்தித்துவிட்டோம்.

ஒரு குறை பாக்கியிருக்கிறது. ஒய்டிஎம்-4-க்கு ஒரே கேப். திரும்பும் வழியில் நீள ஹூட் முன்னால் வர ஓட்டும்போது பாதையில் பாதி மறையும், எதிர்ப்பக்கத்தைப் பார்க்க உதவி டிரைவர் வேண்டும். எங்கள் மாதிரியில் அந்தப் பார்வைக் கோணம் இல்லை. கேப்பின் எந்த ஜன்னலிலிருந்து எவ்வளவு தெரியும் என்று பெரியப்பா ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்து கொடுத்திருக்கிறார். மாணவர் தேர்வு முடிந்து வந்ததும் அதிலிருந்து தொடங்குவதாக ஏற்பாடு.